பதினான்கு அடையாளங்கள்

ஊரில் எல்லோரும் அவரைப் பொம்மை வைத்தியர் என்றுதான் கூப்பிடுவார்கள். துணிக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் புதுச் சட்டையை மாட்டிக்கொண்டு ஆளுயரத்துக்கு நிற்குமே பொம்மைகள், அவற்றுக்கு விரல் உடைந்தாலோ, மூக்கு சிராய்த்தாலோ, இடுப்பு கழன்றாலோ சரிசெய்து அனுப்பும் பட்டறையில் அவருக்கு இருபத்தாறு வருஷ வேலை. அவர் மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் விபத்துப் பிரிவு நர்ஸ். இரண்டு பேருக்கும் பிழைப்பு உடைசலோடுதான். அவள் காயத்தைத் திறந்து பார்த்துக் கட்டுப்போடுவாள். இவர் காயம் இருந்த சுவடே தெரியாமல் பூசி மெழுகிவிடுவார்.

வைத்தியர் தினமும் வேலைக்குச் சைக்கிளில் போய்வந்தார். போக ஏழு கிலோமீட்டர், வர ஏழு கிலோமீட்டர். முதலில் கடைத்தெரு. அங்கே லாரிகள் பின்னோக்கியே வரும், ஓட்டுகிறவர்கள் முன்னோக்கியே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதைத் தாண்டினால் ரவுண்டானா. ஐந்து ரோடு கூடும் இடம். ஒரு ரோட்டில் வருகிறவனுக்கு மற்ற நான்கு ரோடுகள் இருப்பதாகவே நம்பிக்கை கிடையாது. அதற்கப்புறம் பாலம். பாலத்தின்மேல் பஸ்கள் ஒன்றையொன்று முந்தும். எதற்கய்யா முந்துகிறாய் என்றால், அடுத்த நிறுத்தத்தில் முதலில் போய் நிற்பதற்காம். சைக்கிளுக்கென்று தனிப் பாதையும் போட்டிருந்தார்கள், பொய் சொல்லக்கூடாது. வெள்ளைக் கோடு போட்டு, நடுவில் அழகாக ஒரு சைக்கிள் படம் வரைந்து, அந்தப் படத்தின்மேல் கார்களை நிறுத்தி வைத்திருந்தார்கள்.

இவ்வளவு லட்சணமான ரோட்டில் அவர் ஏன் சைக்கிள் ஓட்டினார் என்று கேட்டால், காரணம் இருந்தது. பகல் முழுக்க அவரைச் சுற்றி நிற்பவர்கள் யாரும் அசைய மாட்டார்கள். கூப்பிட்டால் திரும்ப மாட்டார்கள். சிலருக்குத் தலையே கிடையாது. காலையில் அந்த அரைமணி நேரமும் சாயங்காலத்தில் அரைமணி நேரமும்தான் அவர் காற்று முகத்தில் படப் போனார், வாய்க்கு வந்த பாட்டைப் பாடினார், வழியில் பார்த்தவனைத் திட்டினார். அந்த ஒரு மணி நேரம் இல்லாவிட்டால் தானும் ஒருநாள் பட்டறை மூலையில் கையை மடக்கிக்கொண்டு நின்றுவிடுவோம் என்று அவருக்கு உள்ளுக்குள் நிஜமாகவே ஒரு பயம் இருந்தது.

ஆனால் விழுந்தாரே. அந்த வருஷத்தில் மட்டும் மூன்று தடவை விழுந்தார். முதல் தடவை, போன் பேசிக்கொண்டே குறுக்கே வந்த ஒருவனால். இரண்டாவது, லாரியிலிருந்து கொட்டியிருந்த ஜல்லியால். மூன்றாவது தடவை யாருமே காரணமில்லை. ரவுண்டானாவில் ஐந்து பக்கமும் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தார்கள், இவர் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நடுவில் நின்று, நின்ற இடத்திலேயே சாய்ந்தார். மூன்று தடவையும் மனைவிதான் கட்டுப்போட்டாள். மூன்றாவது கட்டை முடிச்சுப் போட்டுவிட்டு, கத்தரிக்கோலைத் தட்டில் வைத்தாள்.

"முப்பது நாள் தர்றேன். புதுசா ஒரு கீறல் இல்லாம முப்பது நாள் வந்து காட்டுங்க. அதுக்கப்புறம் சைக்கிளப் பத்தி நான் வாயே திறக்கல. ஒரே ஒரு கீறல் இருந்தாலும் மறுநாள்லேர்ந்து அண்ணன் கார்தான்."

அண்ணன் என்றால் அவளுடைய மூத்த அண்ணன், இவருக்கு மச்சான். தங்கமான மனிதர், அதில் சந்தேகமில்லை. சொந்தக்காரர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் குறுக்குவழி. எந்த ஊருக்கு எந்த வழியாகப் போனாலும் அதைவிடச் சுருக்கமான வழி ஒன்று தமக்குத் தெரியும் என்பது அவர் கொள்கை. அரைமணி தூரத்தை அந்தச் சுருக்கமான வழியில் ஒன்றேகால் மணி நேரத்தில் கடப்பார். காரை வாங்கி ஐந்து வருஷம் ஆகியும் சீட்டில் பிளாஸ்டிக் உறையைக் கழற்றவில்லை. அதில் உட்கார்ந்தால் எழும்போது தோல் பாதி அதோடு போய்விடும். போகிற வழியெல்லாம் தமது வயிற்று உபாதையை முதல் நாள் ராத்திரியிலிருந்து ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டு வருவார். இப்படிப்பட்ட காரில் தினம் இரண்டு நடை என்றால் அதற்கு ஜல்லியின்மேல் விழுவது எவ்வளவோ தேவலாம் என்று வைத்தியர் நினைத்தார். நினைத்ததை வெளியே சொல்லவில்லை. அண்ணனைப் பற்றி அந்த வீட்டில் ஒரு வார்த்தை பேசிவிட முடியாது.

நர்ஸ் வாயால் சொன்னதோடு விடுகிற ரகமில்லை. ஆஸ்பத்திரியில் அடிபட்டவர்களுக்கு எங்கெங்கே காயம் என்று குறிக்க ஒரு தாள் உண்டு. மனித உடம்பின் கோட்டுப் படம், முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. அதேபோல் ஒன்றை வெள்ளைத் தாளில் தானே வரைந்து குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினாள். புருஷனை டியூப்லைட்டுக்குக் கீழே நிறுத்தி, முன்னே பின்னே திருப்பி, ஏற்கெனவே உடம்பில் இருக்கிற அடையாளங்களை நீலப் பேனாவால் குறித்தாள். தடுப்பூசித் தழும்பு, முழங்காலில் மூன்று, மோவாயில் சவரக் கத்தி பட்டது, இப்படி மொத்தம் பதினான்கு. பதினான்காவதாக இடது முன்கையில் மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலே இருந்த மிளகு அளவு மச்சத்தையும் குறித்துக்கொண்டாள்.

மச்சம் எதற்கு, அது என்ன பிறக்கும்போதே விழுந்த காயமா என்று வைத்தியர் கிண்டல் செய்தார். அவள் பேனாவை மூடிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

தினமும் சாயங்காலம் ஆறரை மணிக்குப் பரிசோதனை நடந்தது. வைத்தியர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, பேன்ட்டை முழங்காலுக்குமேல் சுருட்டிக்கொண்டு, டியூப்லைட்டுக்குக் கீழே நிற்பார். அவள் ஒன்று, இரண்டு என்று பதினான்கு வரை எண்ணுவாள். புதிதாக எதுவும் இல்லையென்றால் அந்தத் தேதிக்கு ஒரு டிக் போடுவாள். புதுசு இருந்தால் போட ஒரு சிவப்புப் பேனாவும் பெட்டியின் தலையில் தயாராகக் கிடந்தது. அந்தப் பேனா கிடக்கிற பக்கமே வைத்தியர் பார்க்கமாட்டார்.

முதல் மூன்று நாள் அவர் ஓட்டியது சைக்கிளே இல்லை. பாதித் தூரம் இறங்கித் தள்ளினார். நாலாவது நாள்தான் அவருக்கு அந்தக் கை கிடைத்தது.

பட்டறையில் ஒரு பெண் பொம்மை தூள்தூளாக வந்து சேர்ந்திருந்தது. தேறியது வலது கை ஒன்றுதான். தோளிலிருந்து விரல் வரை நேராக நீட்டிய கை, விரல் ஐந்தும் விரிந்து, நகத்துக்கெல்லாம் சிவப்புச் சாயம். உடம்பில்லாத கையை என்ன செய்வது என்று முதலாளி குப்பையில் போடச் சொன்னார். வைத்தியருக்கு மனசு வரவில்லை. விரல் இடுக்கில் ஒரு விரிசல் இருந்தது, வீட்டில் வைத்துச் சரிசெய்து பார்க்கலாம் என்று சைக்கிள் கேரியரில் குறுக்காகக் கட்டினார். தோள் பக்கம் நடைபாதையோரம், விரல்கள் வண்டிகள் போகிற பக்கம். ஒன்றரை முழத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் அதிசயம் நடந்தது. தினமும் அவர் காதை உரசிக்கொண்டு போகிற கார்கள் எல்லாம் ஒரு கார் அகலம் தள்ளிப் போயின. வேன்காரன் ஒருவன் பிரேக் போட்டு வழிவிட்டான். பாலத்தின்மேல் பஸ்கூட ஒதுங்கியது. வைத்தியருக்கு முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. வீட்டு வாசலில் இறங்கி அந்தச் சிவப்பு நகங்களைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. நல்லா யோசித்துப் பாருங்கள். சைக்கிள்காரனை இடித்தால் அவன் எழுந்து தட்டிக்கொண்டு போய்விடுவான். காரில் ஒரு கோடு விழுந்தால் யார் பதில் சொல்வது? மனுஷன் மேல் மோதக் கூசாதவன்கூடத் தன் வண்டியில் கீறல் விழுந்துவிடுமோ என்று நடுங்குகிறான். வீட்டில் ஒருத்தி, ரோட்டில் ஊரே. கீறலுக்குப் பயப்படாதது அந்த ஊரில் ரோட்டைக் கடக்கிற ஆடுமாடு மட்டும்தான்.

மறுநாளிலிருந்து கை கேரியரிலேயே குடியேறியது. நர்ஸ் அதைப் பார்த்தாள், ஒரு புருவத்தை மட்டும் தூக்கினாள். நகச்சாயம் நன்றாக இருக்கிறது, தனக்குக்கூட இப்படி யாரும் போட்டுவிட்டதில்லை என்றாள். வைத்தியர் காதில் விழாததுபோல் மணியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கையால் தொந்தரவும் வராமல் இல்லை. பன்னிரண்டாவது நாள் பஸ் நிறுத்தத்தின் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தபோது, பின்னால் வந்த பஸ்ஸின் டிரைவர், யாரோ ஒரு பெண் கை காட்டுகிறாள் என்று வண்டியை நிறுத்தினார். ஏற யாரும் வரவில்லை. வைத்தியர் பத்தடி முன்னே போனார், பஸ்ஸும் பத்தடி முன்னே வந்து மறுபடி நின்றது. கண்டக்டர் இறங்கி வந்து, ஏறுகிறதானால் ஏறச் சொல்லுங்கள், எவ்வளவு நேரம்தான் நிற்பது என்று அந்தக் கையைப் பார்த்துக் கேட்டார். கேட்டு முடித்தபிறகுதான் கைக்கு அப்பால் ஆள் இல்லை என்று கவனித்தார். அவர் முகம் போன போக்கை நினைத்து வைத்தியர் பட்டறை வரைக்கும் தனியாகச் சிரித்துக்கொண்டே போனார்.

டிக்குகள் ஏறிக்கொண்டே வந்தன. பதினைந்து, இருபது, இருபத்தைந்து. இருபத்தொன்பதாவது டிக்கைப் போட்டுவிட்டு, நாளைக்கு அண்ணனையும் டீ சாப்பிட வரச் சொல்லியிருக்கிறேன் என்றாள் நர்ஸ். ஜெயித்தால் சாட்சி, தோற்றால் கார் எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று அங்கேயே பேசி முடித்துவிடலாமாம். எவ்வளவு திட்டம் பாருங்கள்.

முப்பதாவது நாள் காலையில் வைத்தியர் முட்டையைச் சுமந்துகொண்டு போகிறவர் மாதிரி போனார். கடைத்தெருவில் இறங்கித் தள்ளினார். ரவுண்டானாவில் ஐந்து ரோடும் ஓய்கிறவரை கால்மணி நேரம் காத்திருந்தார். பாலத்தையும் தாண்டியாகிவிட்டது. பட்டறைத் தெருவுக்குள் திரும்பியபோது அவருக்குப் பாட்டு வந்துவிட்டது. அந்தத் தெருவில் என்ன ஆபத்து வரப்போகிறது? ஓரத்தில், சைக்கிள் படத்தின்மேல், பளபளவென்று ஒரு பெரிய கார் மட்டும் நின்றுகொண்டிருந்தது. வைத்தியர் அது யாருடையது என்றுகூடப் பார்க்காமல், அதை ஒட்டினாற்போல் பாடிக்கொண்டே போனார்.

கதவு திறந்தது.

எந்தப் பக்கத்துக்காக இத்தனை நாளாகக் கை நீட்டிக்கொண்டிருந்தாரோ, அந்தப் பக்கத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. வந்தது இந்தப் பக்கத்திலிருந்து. சைக்கிள் ஒரு திசையில், வைத்தியர் ஒரு திசையில். கட்டு அறுந்து பொம்மைக்கை மூன்றாவது திசையில் பறந்து நடுரோட்டில், சிவப்பு நகங்கள் வானத்தைப் பார்க்க, மல்லாக்க விழுந்தது.

தெருவே கூடிவிட்டது. எதைச் சுற்றி? கையைச் சுற்றி. வைத்தியர் ஓரமாக உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்ததை ஒருத்தரும் பார்க்கவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள் என்றார் ஒருவர். ரத்தமே வரவில்லையே, பாவம் ரொம்ப நாளாகச் சோகை போலிருக்கிறது என்றார் இன்னொருவர். காரிலிருந்து இறங்கிய மனிதர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி, அந்தக் கையை இரண்டு கையாலும் வாரி எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் கொட்ட வைத்தியரிடம் வந்து மண்டியிட்டார்.

"மாப்ளே, தெரியாம பண்ணிட்டேன் மாப்ளே. அசையாதீங்க. ஐஸ்ல வச்சா ஒட்ட வச்சிடலாம்."

சாட்சாத் மச்சானேதான். தங்கையிடம் சாயங்காலம் பெருமையாகச் சொல்வதற்காக, பட்டறைக்கு ஒரு புதுக் குறுக்குவழியைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். அந்தக் குறுக்குவழியில் வழி தவறி, யாரிடமாவது வழி கேட்கலாம் என்று வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்திருக்கிறார். திறக்கும்போது பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்தாரா என்றால், அவர் தேடியது வழியைத்தானே, ஆளை இல்லையே.

வைத்தியர் தம்முடைய சொந்தக் கை இரண்டையும் தூக்கிக் காட்டினார். மச்சான் எண்ணிப் பார்த்தார். இரண்டு. தாம் அணைத்திருப்பதோடு மூன்று. அதற்கப்புறம்தான் அவருக்கு மூச்சு வந்தது.

முழங்கால் தப்பித்தது, பேன்ட் காப்பாற்றியது. ஆனால் இடது முன்கையில், முழங்கைக்குக் கீழே, ஒரு விரல் நீளத்துக்குத் தோல் உரிந்திருந்தது. வைத்தியர் அதைப் பார்த்தார். சிவப்புப் பேனா கண்முன்னே வந்தது. இருபத்தொன்பது டிக்கும் போச்சு. நாளை முதல் பிளாஸ்டிக் உறை. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

மச்சானுக்கு வேறு கவலை. கார்தான் பாதுகாப்பு, என் கையில் மாப்பிள்ளையை ஒப்படை என்று தங்கையிடம் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். அதே காரால் அதே மாப்பிள்ளையைத் தள்ளிவிட்டது தெரிந்தால் தங்கை முகத்தில் எப்படி விழிப்பது? தயவுசெய்து அவளிடம் சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சினார். வைத்தியர் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். சொல்லாமல் இருந்தால் மட்டும் போதுமா, காயம் சொல்லுமே என்று இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்புறம் வைத்தியர் மெதுவாகப் பட்டறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

அங்கேதான் தோல் டப்பா டப்பாவாக இருந்ததே.

மத்தியான இடைவேளையில் மற்றவர்கள் சாப்பிடப் போனதும் வேலை ஆரம்பித்தது. காயத்தைக் கழுவினார். மேலே மெல்லிய ஒட்டுப்பட்டி ஒன்றை வைத்து மூடினார். பட்டியின் விளிம்பு தெரியாமலிருக்க மெழுகை இழைத்துச் சரிசெய்தார். மூன்றாம் நம்பர் தோல் நிறத்தில் கொஞ்சம் காவி, ஒரு சொட்டு மஞ்சள், ஒரு துளி கறுப்பு. அச்சாக அவர் கை நிறமே வந்தது. மச்சான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஆடாமல் காட்டினார். வாய் மட்டும் ஆடியது. முதல் நாள் ராத்திரி வயிறு என்ன செய்தது என்று தொடங்கினார். வைத்தியர் ம்ம், ம்ம் என்று கேட்டுக்கொண்டே தூரிகையை ஓட்டினார். இருபத்தாறு வருஷத்துக் கை. அதற்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. ஒரு புள்ளி தெரிந்தாலும் கடைக்காரன் பொம்மையைத் திருப்பி அனுப்பிவிடுவான். மனசு மச்சானின் வயிற்றில் இருக்க, கை பாட்டுக்கு முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் ஒரு பிசிறில்லாமல் பூசிவிட்டு வந்தது. காய்ந்ததா என்று மச்சான் விரலால் அழுத்திப் பார்த்தார். காயவில்லை. வைத்தியர் மறுபடி பூசினார். மச்சான் மறுபடி அழுத்திப் பார்த்தார்.

முடிந்ததும் விளக்குக்குக் கீழே நீட்டிப் பார்த்தார்கள். இருபது வயசுக்காரன் கை. வைத்தியருக்கே தம் கைமேல் ஆசை வந்தது.

சாயங்காலம் ஆறரை. டியூப்லைட். மச்சான் முன்னமேயே வந்து நாற்காலியில் உட்கார்ந்து, டீயை ஊதிக்கொண்டிருந்தார். கார் நேரத்தைப் பற்றி ஒரு பேச்சில்லை. மாப்பிள்ளை சைக்கிள் ஓட்டுவதுபோல் யாரும் ஓட்ட முடியாது என்று அதற்கு முன்பே இரண்டு தடவை சொல்லிவிட்டார். நர்ஸ் அண்ணனை ஒருமாதிரி பார்த்துவிட்டு, நீலப் பேனாவை எடுத்துக்கொண்டு வந்தாள்.

முன்னே பார்த்தாள், பின்னே பார்த்தாள், கையைத் திருப்பினாள். புதிதாக ஒன்றுமில்லை. வைத்தியர் மெதுவாக மூச்சை விட்டார். அவள் வழக்கம்போல் எண்ணினாள். பதின்மூன்றில் நின்றது. மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். மறுபடி பதின்மூன்று. தாளைப் பார்த்தாள். இடது கையைத் தன் கையில் எடுத்து, மணிக்கட்டுக்கு மேலே நாலு விரல் வைத்து அளந்தாள்.

கூடிவிடக் கூடாது, கூடிவிடக் கூடாது என்று முப்பது நாளாகப் பயந்தவருக்கு, குறைந்துவிடும் என்று தோன்றவே இல்லை.

"மச்சம் எங்க?"

சும்மா இருந்திருக்கலாம் மச்சான். இருப்பாரா? வயசாகிவிட்டால் மச்சமெல்லாம் தானாக உதிர்ந்துவிடும், எங்கேயோ படித்திருக்கிறேன் என்றார். தங்கை அவர் பக்கம் திரும்பினாள். வாழ்நாள் முழுக்க வலது கையால் டீ குடித்த மனிதர் இன்றைக்கு இடது கையால் பிடித்திருந்தார். வலது கை பேன்ட் பாக்கெட்டுக்குள் இருந்தது.

"அண்ணே, அந்தக் கைய வெளிய எடு."

எடுத்தார். ஐந்து விரல் நுனியும் மூன்றாம் நம்பர் தோல் நிறத்தில் பளபளத்தன. பாவம், சோப்புப் போட்டு நாலு தடவை கழுவியிருக்கிறார், போகவில்லை. அப்புறம் மச்சானை யாரும் எதுவும் கேட்கவேண்டியிருக்கவில்லை. குறுக்குவழி, கதவு, நடுரோட்டில் கிடந்த கை, வயிறு, பெயிண்ட் எல்லாம் ஒரே மூச்சில் வந்து கொட்டின. வாக்குக் கொடுத்த வைத்தியர்தான் கடைசிவரை வாயைத் திறக்காமல் நின்றார்.

நர்ஸ் கத்துவாள் என்று இரண்டு பேரும் எதிர்பார்த்தார்கள். அவள் கத்தவில்லை. பஞ்சையும் ஸ்பிரிட்டையும் கொண்டுவந்து, புருஷனை உட்காரவைத்து, பூச்சைத் துடைத்தாள். ஒட்டுப்பட்டியை எடுத்தாள், காயத்தைக் கழுவினாள், மருந்து வைத்துக் கட்டினாள். அதோடு நிற்கவில்லை. காயமே இல்லாத கீழ்ப்பக்கத்தையும் விடாமல் தேய்த்தாள். எரிகிறது என்றார் வைத்தியர். தேய்த்துக்கொண்டே இருந்தாள். மெதுவாக, மிளகு அளவுக்கு, அது வெளியே வந்தது. அதன்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நிமிர்ந்தபோது கண் நிறைந்திருந்தது.

"எங்க பிரிவுல ஒரு தாள் இருக்கு. பேர் தெரியாம வர்றவங்களுக்கு எழுதற தாள். அதுல அடையாளம்னு ரெண்டு வரி விட்டிருப்பாங்க. அத நிரப்புறது என் வேலை."

வைத்தியருக்கு இது தெரியாது. இருபது வருஷமாக அவள் சொன்னதில்லை.

"சைக்கிள்ல அடிபட்டவர்னு யாரக் கொண்டுவந்தாலும் நான் மூஞ்சியப் பார்க்கமாட்டேன். பார்க்க தைரியம் வராது. நேரா இடது கையத் திருப்பிப் பார்ப்பேன். மச்சம் இல்லேன்னாதான் எனக்கு மூச்சே வரும். அப்புறம்தான் அந்த ஆளுக்கு என்ன வேணும்னு பார்ப்பேன். இன்னிக்கு உங்களக் கொண்டுவந்திருந்தா என்ன பண்ணியிருப்பேன்? அப்பாடா, அவர் இல்லன்னு சொல்லிட்டு, அடுத்த ஆளப் பார்க்கப் போயிருப்பேன்."

மச்சான் டீயைக் கீழே வைத்தார். ஊரில் இருக்கிற அத்தனை லாரியும் பஸ்ஸும் வைத்தியரை இவ்வளவு பயமுறுத்தியதில்லை. தன்னை முன்னே வைத்துக்கொண்டே, தான் இல்லை என்று அவள் நிம்மதியாகத் திரும்பிப் போவதை நினைத்துப் பார்த்தார். தப்புப் பண்ணிட்டேன்மா என்று அவர் சொன்னது அவருக்கே சரியாகக் கேட்கவில்லை.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள். சிவப்புப் பேனாவை எடுத்துப் படத்தில் இடது முன்கையில் ஒரு கோடு போட்டாள். பந்தயத்தில் நீங்கள் தோற்றாயிற்று என்றாள். வைத்தியர் தலையை ஆட்டினார். அண்ணன் கார்தான் என்று பேச்சு, ஆனால் உங்களைத் தள்ளிவிட்டதே அண்ணன் கார்தானே, அதில் ஏற்றிவிட எனக்குப் பைத்தியமா என்றாள். அதனால் சைக்கிளே இருக்கட்டும்.

"ஒண்ணு மட்டும் செய்ங்க. எது பட்டாலும் பட்டபடியே வீட்டுக்கு வாங்க. மறைச்சிட்டு வராதீங்க."

மச்சானுக்கும் தீர்ப்பு உண்டு. இனிமேல் கார்க் கதவைப் பக்கத்துக் கையால் திறக்கக்கூடாது, தூரத்துக் கையால்தான் திறக்கவேண்டும். அப்படித் திறந்தால் உடம்பு திரும்பும், உடம்பு திரும்பினால் கழுத்து திரும்பும், கழுத்து திரும்பினால் பின்னால் வருகிறவன் பிழைப்பான். சொன்னால் போதாது என்று அப்போதே வாசலுக்கு அழைத்துப் போய், காருக்குள் உட்காரவைத்து, ஐம்பது தடவை திறக்கச் சொல்லி வாசற்படியில் நின்று எண்ணினாள். முப்பதாவது தடவை பிளாஸ்டிக் உறையில் சட்டை ஒட்டிக்கொண்டு கிழிந்தது. எண்ணிக்கையைக் குறைக்கும் பேச்சுக்கே இடமில்லை என்றாள். அக்கம்பக்கத்தார் இந்த மனிதருக்கு என்ன வந்தது என்று எட்டிப் பார்த்தார்கள்.

மறுநாள் காலையில் வைத்தியர் வேலைக்குக் கிளம்பி வெளியே வந்தார். சைக்கிள் துடைத்து வைத்திருந்தது. கேரியரில் பொம்மைக்கை இருந்தது, தம்முடைய சணல் கயிற்றால் இல்லை, ஆஸ்பத்திரிக் கட்டுத் துணியால், நர்ஸ்கள் போடுகிற முடிச்சுப் போட்டு. இந்த முறை லாரியே மோதினாலும் கழலாது. குனிந்து முடிச்சைத் தொட்டுப் பார்த்தவர், அந்தப் பொம்மைக்கையில் வேறு ஒன்றையும் பார்த்தார். மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலே, நீலப் பேனாவால், மிளகு அளவுக்கு ஒரு புள்ளி.

ஜன்னலைப் பார்த்தார். அவள் உள்ளே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பத் தலை வாரிக்கொண்டிருந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை.

இருபத்தாறு வருஷத்துக் கை ஒரு புள்ளியைப் பொறுக்காது. விரல்கள் தாமாகவே சட்டைப் பையிலிருந்த உப்புத்தாளைத் தேடின. வைத்தியர் அந்த விரல்களைப் பிடித்து ஹேண்டில்பாரில் வைத்தார். இடது சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டுக்கொண்டார். மணியை ஒரு தடவை அடித்துவிட்டுக் கிளம்பினார்.